ஓர் இழையின் வரலாறு: பருத்தியும் முதலாளித்துவமும்

தமிழில் 'நூல்' என்னும் சொல் இருபொருள் தாங்கி நிற்கிறது. பஞ்சிலிருந்து திரிக்கப்படும் இழையும் நூல். சொல்லிலிருந்து இயற்றப்படும் பனுவலும் நூல். நன்னூலின் பாயிரப் பகுதி இவ்விரண்டையும் பிணைத்தே பேசுகிறது. சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியை அவள் கதிராகவும் அது உருவகம் செய்கிறது. புலமைக்கு உவமை தேடிய இலக்கண ஆசிரியர் அரசனிடமும் செல்லவில்லை, வணிகனிடமும் செல்லவில்லை. நூல் நூற்கும் பெண்ணிடம் சென்றார். அப்பெண் அவருக்கும் மூத்தவள். இரவில் சிறுவிளக்கின் ஒளியில் பஞ்சோடு விழித்திருந்த மகளிரையும், ஆண்துணையின்றித் தம் உழைப்பால் நுண்ணிழை நூற்று வாழ்ந்த மகளிரையும் சங்கப் புலவர்கள் கண்டிருக்கின்றனர்.

அம்மகளிரின் விரல்களில் பிறந்த இழை, பிற்காலத்தில் மூன்று கண்டங்களை ஒன்றாகக் கட்டியது. பின்னர் அதே இழை அவர்தம் விரல்களிலிருந்து பறிக்கப்பட்டது. முதலாளித்துவத்தின் உலக வரலாற்றில் முதன்மையானதோர் இயல் இதுவே.

வணிகம் வேறு, முதலாளித்துவம் வேறு. உறையூர்ப் பகுதியின் மெல்லிய துணி கிரேக்க மாலுமிகளின் கைக்குச் சென்ற காலத்திலும் வணிகம் இருந்தது, இலாபமும் இருந்தது. ஆயினும் அன்றைய வணிகன் நெய்தது எதுவோ அதை வாங்கினான். நெய்வோன் எங்கே, எவ்வாறு, எத்தனை நாழிகை நெய்யவேண்டும் என்பதை அவன் வகுக்கவில்லை. பணம் மேலும் பணம் ஈட்டுவதற்காகவே உற்பத்திக்குள் நுழைந்து, நிலத்தையும் உழைப்பையும் நேரத்தையும் தன் ஆணைக்குள் கொண்டுவந்தபோதுதான் புதிய ஒழுங்கு ஒன்று தோன்றியது. அது ஐரோப்பியரின் அறிவுத்திறனால் விளைந்தது என்பார் ஒரு சாரார். கொள்ளையால் மட்டுமே விளைந்தது என்பார் மற்றொரு சாரார். பருத்தியின் கதையைத் தொடக்கம் முதல் பின்தொடர்ந்தால் இவ்விரு விடைகளும் தனித்தனியே போதாமை விளங்கும்.

துணியே நாணயம்

1600ஆம் ஆண்டின் இறுதிநாளில் இலண்டனில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி உரிமைப் பட்டயம் பெற்றது. 1602இல் டச்சுக் கம்பெனி உருவாயிற்று. அதன் முதலீடு ஏறத்தாழ 64 இலட்சம் கில்டர். பணம் போட்டோர் பெருவணிகர் மட்டுமல்லர், வீட்டுவேலை செய்தோரும் அவருள் இருந்தனர். போட்ட பணத்தைக் கம்பெனியிடம் திரும்பக் கேட்பதற்கு மாறாகப் பங்கைப் பிறருக்கு விற்கும் பழக்கம் ஆம்ஸ்டர்டாமில் வேரூன்றியது. அந்தப் பங்குச் சந்தையைப் பற்றிய முதல் நூலை 1688இல் எழுதியவர் கணக்கர் அல்லர்; யோசேப் டி லா வேகா என்னும் கவிஞர். ஒரு தத்துவவாதியும் ஒரு வணிகரும் ஒரு பங்குதாரரும் உரையாடுவதாக அதை அவர் அமைத்தார். அந்நூலின் பெயரே 'குழப்பங்களின் குழப்பம்' என்பதாகும்.

இக்கம்பெனிகள் வெறும் கடைகள் அல்ல. கோட்டை கட்டவும், படை திரட்டவும், உடன்படிக்கை செய்யவும், போர் தொடுக்கவும் டச்சுக் கம்பெனிக்குப் பட்டய உரிமை இருந்தது. 1621இல் சாதிக்காய் விளையும் பாண்டாத் தீவுகளை அது கைப்பற்றியபோது, அங்கு வாழ்ந்த மக்களுள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அல்லது அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர், அல்லது தப்பியோடினர். ஒப்பந்தமும் வாளும் ஒரே கையில் இருந்த காலம் அது.

ஆனால் வாளால் மட்டும் நாள்தோறும் வணிகம் நடவாது. மலாக்கா முதல் மொலுக்காஸ் வரை நறுமணப் பொருள் விளைவித்தோர் பொன்னைக் காட்டிலும் சோழமண்டலக் கடற்கரையின் துணியையே விரும்பினர். சாயம் மங்காத அத்துணி அத்தீவுகளில் ஏறத்தாழ நாணயமாகவே வழங்கியது. சோழமண்டலக் கரை மொலுக்காஸின் இடக்கை என்றும், அக்கரையின் துணியின்றி அங்கு வணிகமே உயிரற்றுப் போகும் என்றும் டச்சு அதிகாரி ஒருவர் 1612இல் எழுதினார். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கோட்டை எழுப்பியதும், 1639இல் ஆங்கிலேயர் சென்னையில் மணற்பரப்பு ஒன்றைப் பெற்றதும் இத்துணிக்காகவே. 1734இல் கூவத்தின் கரையில் நூற்போர், நெய்வோர், வெளுப்போர், சாயம் தீட்டுவோர் ஆகியோரைக் குடியேற்றி ஆங்கிலக் கம்பெனி ஓர் ஊரை அமைத்தது. சின்னத் தறிப் பேட்டை எனப்பட்ட அவ்வூரே இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. தெருப்பெயருக்குள் தறியின் ஓசை ஒளிந்திருப்பதை நகரம் மறந்துவிட்டது.

இதே துணி மேற்கேயும் சென்றது. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் மனிதரை விலைக்கு வாங்கிய ஐரோப்பிய வணிகர், அவ்விலையின் பெரும்பங்கைத் துணியாகவே செலுத்தினர். அங்குள்ளோர் துணியின் தரமறிந்தவர்கள்; மட்டமான போலிகளை அவர்கள் ஏற்கவில்லை. எனவே இந்தியத் துணி இன்றியமையாததாயிற்று. நீலச் சாயமிட்ட புதுச்சேரித் துணிக்குக் 'கினி' என்ற பெயரே நிலைத்தது. 1500க்கும் 1866க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கோடியே இருபத்தைந்து இலட்சம் ஆப்பிரிக்கர் அட்லாண்டிக் கப்பல்களில் ஏற்றப்பட்டனர். அவர்களுள் ஏறத்தாழ பதினெட்டு இலட்சம் பேர் கரை சேரவில்லை. காவிரிப் படுகையிலும் தென்பெண்ணைக் கரையிலும் இருந்து தறியில் அமர்ந்தவர் தம் துணி எதற்கு விலையாகப் போயிற்று என்பதை அறிந்திருக்க வழியில்லை. அறியாமலே ஒருவரையொருவர் கட்டிப்போடுவதுதான் உலகச் சந்தையின் முதல் இயல்பு.

தடையும் எந்திரமும்

பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியத் துணி ஐரோப்பியரின் இல்லங்களுக்குள்ளும் நுழைந்தது. கோழிக்கோட்டின் பெயரால் 'காலிகோ' என வழங்கிய அத்துணி, கம்பளி நெய்தோரையும் பட்டு நெய்தோரையும் அச்சுறுத்தியது. 1697இல் இலண்டன் நெசவாளர் கம்பெனியின் மாளிகையைத் தாக்கினர். 1719இல் காலிகோ உடுத்திய பெண்களின் ஆடைகளைத் தெருவிலேயே கிழித்தனர். பிரான்சு 1686இலேயே இத்துணிகளைத் தடைசெய்தது. இங்கிலாந்து 1700இல் கீழைநாட்டு அச்சுத் துணிகளின் இறக்குமதியையும், 1721இல் அவற்றை அணிவதையும் பெரும்பாலும் தடுத்துச் சட்டமியற்றியது. தடையற்ற வாணிகத்தின் தாயகமென்று பின்னாளில் தன்னை உயர்த்திக்கொண்ட நாடு, தன் பருத்தித் தொழிலைத் தடையரணுக்குள் வைத்தே வளர்த்தது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அரணுக்குள் எந்திரம் பிறந்தது. 1760களில் ஹார்கிரீவ்சின் 'ஜென்னி', 1769இல் ஆர்க்ரைட்டின் நீர்விசை எந்திரம், 1779இல் கிராம்ப்டனின் 'மியூல்' என நூற்பு எந்திரங்கள் அடுத்தடுத்துத் தோன்றின. நூறு பவுண்டுப் பஞ்சை நூலாக்க இந்தியக் கைநூற்புக்கு ஏறத்தாழ 50,000 மணி நேரம் தேவைப்பட்டது எனப் பொருளியல் வரலாற்றாசிரியர் கணிக்கின்றனர். மியூல் எந்திரம் அதை 1780இல் 2,000 மணியாகவும், 1795இல் 300 மணியாகவும், 1825இல் 135 மணியாகவும் குறைத்தது. மனித வரலாற்றில் ஒரு தொழிலின் காலக்கணக்கு இவ்வளவு விரைவாகச் சுருங்கியதற்கு முன்னுதாரணம் அரிது.

இம்மாற்றம் ஏன் இங்கிலாந்தில் நிகழ்ந்தது? அங்கே கூலி உயர்ந்தும் நிலக்கரி மலிந்தும் இருந்தமையால் எந்திரம் இலாபம் தந்தது என்பார் இராபர்ட் ஆலன். இந்தியத் துணியோடு போட்டியிட வேண்டிய நெருக்கடியே கண்டுபிடிப்பைத் தூண்டியது என்பார் பிரசன்னன் பார்த்தசாரதி. பதினெட்டாம் நூற்றாண்டின் தென்னிந்திய நெசவாளர் வாழ்க்கைத்தரத்தில் பிரித்தானிய நெசவாளருக்குப் பெரிதும் தாழ்ந்திருக்கவில்லை என்றும் அவர் வாதிடுகிறார். முன்பணம் பெற்ற நெசவாளர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வணிகருக்கு நெய்யலாம். கொடுமை மிகுந்தால் கூட்டமாக ஊரைவிட்டே வெளியேறலாம். கம்பெனி ஆட்சியாளராக உயர்ந்த பின்னரே இவ்வுரிமைகள் நெரிக்கப்பட்டன. வணிகர் அரசராகியபோது பேரம் பேசும் உரிமை போயிற்று.

டாக்கா நெசவாளரின் கட்டைவிரல்களை ஆங்கிலேயர் வெட்டினர் என்னும் செய்தி மக்கள் வழக்கில் பரவியுள்ளது. அக்காலச் சான்றாக எஞ்சியிருப்பது கம்பெனியின் முன்னாள் ஊழியரான வில்லியம் போல்ட்ஸ் 1772இல் எழுதிய குறிப்பு. கட்டாய வேலையிலிருந்து தப்புவதற்காகப் பட்டு நூல் சுற்றுவோர் தம் கட்டைவிரலைத் தாமே வெட்டிக்கொண்டனர் என்பதே அவர் கூற்று. வெட்டியவர் எவர் என்பதில் வழக்கும் சான்றும் வேறுபடுகின்றன. ஆயினும் ஒருவர் தம் கைத்திறனையே தமக்குப் பகையெனக் கருதும் நிலைக்குத் தள்ளப்பட்டார் என்னும் உண்மை, வழக்கிலுள்ள கதையைவிடக் கொடியது.

1813இல் இந்திய வணிகத்தில் கம்பெனியின் தனியுரிமை நீங்கியபின் லங்காஷயரின் துணியும் நூலும் இந்தியச் சந்தையில் பெருகின. தறிகள் அனைத்தும் அழிந்துவிடவில்லை; ஆலை நூலைக் கொண்டு நெய்து பல நெசவாளர் பிழைத்தனர். முற்றாக வீழ்ந்தவர் நூற்ற பெண்களே. வீட்டை விட்டு வெளியேற இயலாத கைம்பெண்களுக்கும் முதியோருக்கும் கதிர் ஒன்றே கஞ்சி வார்த்தது. அவர்கள் சங்கம் அமைக்கவில்லை. விண்ணப்பம் எழுதியதும் அரிது. வரலாற்றில் மிகப் பெரிய வேலையிழப்புகளுள் ஒன்று மிகக் குறைந்த ஓசையோடு நிகழ்ந்தது.

விடுதலையற்ற கைகள்

எந்திரத்திற்குப் பசி எடுத்தது. இங்கிலாந்தின் மண்ணில் பருத்தி விளையாது. 1793இல் எலி விட்னி உருவாக்கிய கொட்டை நீக்கும் பொறி, அமெரிக்கத் தென்மாநிலங்களைப் பருத்திக் காடாக மாற்றியது. செரோக்கி, சாக்டா முதலிய பழங்குடியினர் தம் நிலங்களிலிருந்து துரத்தப்பட்டனர். 1790இல் ஏறத்தாழ ஏழு இலட்சமாக இருந்த அடிமைகளின் தொகை 1860இல் நாற்பது இலட்சத்தை எட்டியது. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பழைய மாநிலங்களிலிருந்து பிரிக்கப்பட்டு, மிசிசிப்பி, அலபாமா, லூசியானா ஆகிய பகுதிகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தாய் ஓரிடத்தும் மகவு வேறிடத்தும் விற்கப்பட்டனர்.

1850களின் பிற்பகுதியில் பிரிட்டன் நுகர்ந்த பஞ்சில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இம்மண்ணிலிருந்தே வந்தது. அடிமை மனிதர் உழைப்பாளி மட்டுமல்லர். கடனுக்கு ஈடும் ஆவார். நிலத்தையும் மனிதரையும் ஈடுவைத்துத் தோட்டக்காரர் கடன் பெற்றனர். அக்கடன் பத்திரங்கள் நியூயார்க்கிலும் இலண்டனிலும் கைமாறின. 1833இல் பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமைமுறையை ஒழித்தபோது இரண்டு கோடிப் பவுண்டு இழப்பீடு வழங்கியது. அதைப் பெற்றவர்கள் அடிமைகளாக இருந்தோர் அல்லர், அவர்தம் உடைமையாளர்கள்.

அடிமை உழைப்பே பிரித்தானியத் தொழிற்புரட்சிக்கு ஊற்று என்னும் கருத்தை டிரினிடாடின் எரிக் வில்லியம்ஸ் 1944இல் வலிமையாக முன்வைத்தார். 2014இல் பருத்தியின் உலக வரலாற்றை எழுதிய ஸ்வென் பெக்கர்ட், முதலாளித்துவத்தின் தொடக்கக் கட்டத்தைப் 'போர் முதலாளித்துவம்' என்றே அழைத்தார். அமெரிக்கப் பொருளாதாரத்தில் பருத்தியின் பங்கு இவ்வாறு மிகைப்படுத்தப்படுகிறது என ஓம்ஸ்டெட், ரோட் ஆகியோர் மறுத்துள்ளனர். அளவு பற்றிய வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் மான்செஸ்டரின் கூலித் தொழிலாளியும் மிசிசிப்பியின் அடிமையும் இருவேறு காலத்தவர் அல்லர், ஒரே இழையின் இரு முனைகள் என்பதில் வழக்கில்லை.

கவிஞர்கள் கண்டது

ஆலையின் உள்ளே பெரும்பான்மையோர் பெண்களும் சிறுவர்களும் ஆவர். கதிரவனின் நாள் போய், ஆலைமணியின் நாள் வந்தது. இம்மாற்றத்தின் துயரை அக்காலக் கவிஞர் சிலர் உடனே கண்டுகொண்டனர். எந்திரம் உடைத்தோருக்கு மரண தண்டனை விதிக்கும் மசோதாவை எதிர்த்து 1812 பிப்ரவரி 27 அன்று பிரபுக்கள் அவையில் முதன்முதல் பேசியவர் பைரன். 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் புனித பீட்டர் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தது. மிடில்டன் ஊரிலிருந்து அத்திடலுக்கு ஓர் அணியை நடத்திவந்த சாமுவேல் பாம்போர்டு, நெசவாளராகவும் கவிஞராகவும் விளங்கியவர். அதற்காகச் சிறையும் சென்றார். செய்தியை இத்தாலியில் கேட்ட ஷெல்லி உடனே நெடும்பாடல் இயற்றினார். அதை அச்சிட எவரும் துணியவில்லை; அவர் மறைந்து பத்தாண்டுக்குப்பின் 1832இல்தான் அது வெளிவந்தது. 1844இல் சைலீசிய நெசவாளர் கிளர்ந்தெழுந்து பிரஷ்யப் படையால் சுடப்பட்டபோது, பாரிசிலிருந்த ஹைனே அவர்களைப் பாடினார். பிரஷ்யா அப்பாடலைத் தடைசெய்தது.

இவர்கள் அனைவரும் கண்ணெதிரே இருந்த முனையைப் பாடினர். பஞ்சைப் பறித்த கருப்பு விரல்களும், கதிரை இழந்த தமிழ், வங்க விரல்களும் அவர்தம் பாடல்களில் இடம்பெறவில்லை. இது அவர்களது குறையன்று. இழை அவ்வளவு நீளமானது.

பஞ்சுப் பஞ்சம்

அவ்விழை ஒருமுறை அறுந்தபோதுதான் அதன் நீளம் வெளிப்பட்டது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, தென்மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டன. லங்காஷயரின் ஆலைகள் நின்றன. இலட்சக்கணக்கானோர் உதவிக் கஞ்சிக்கு வரிசையில் நின்றனர். அரசு தென்மாநிலங்களை ஆதரித்து முற்றுகையை உடைக்கவேண்டும் எனச் சிலர் குரல் கொடுத்தனர். பசித்தோருள்ளும் அக்கருத்துடையோர் இருந்தனர். ஆயினும் 1862 டிசம்பர் 31 அன்று மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர், அடிமை ஒழிப்பை ஆதரித்து லிங்கனுக்கு மடல் விடுத்தனர். 1863 ஜனவரி 19 அன்று லிங்கன் அவர்தம் துன்பத்தை உணர்ந்து நன்றி கூறி விடையெழுதினார். தம் ஆலை நின்றாலும் பிறர் விலங்கு அறுபடட்டும் எனப் பட்டினி கிடந்தோர் உரைத்த அம்மடல், இந்நெடுங்கதையில் இழையின் ஒருமுனை மறுமுனையை அறிந்துகொண்ட அரிய கணமாகும்.

அப்பஞ்சத்தில் இந்தியப் பஞ்சுக்கும் எகிப்தியப் பஞ்சுக்கும் பொன்விலை கிடைத்தது. பம்பாயில் பணம் பெருகியது. போர் முடிந்த 1865இல் விலை சரிந்து வங்கிகளும் கம்பெனிகளும் வீழ்ந்தன. பருத்தி வருவாயை நம்பிக் கடன்பட்ட எகிப்து 1876இல் நொடித்தது. 1882இல் பிரித்தானியப் படைக்கு ஆட்பட்டது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தில், விற்கத் துணியிருந்தும் வாங்க ஆளின்றி வாடியோர் நெசவாளர்.

ஆலை தமிழ்மண்ணில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் எந்திரமே பஞ்சைத் தேடி வந்தது. திருநெல்வேலிக் கரிசலின் பருத்தியை நம்பிப் பாபநாசத்திலும் தூத்துக்குடியிலும் ஹார்வி ஆலைகள் எழுந்தன. 1658இல் டச்சுக் கம்பெனி கைப்பற்றிய துறைமுகம் தூத்துக்குடி. அக்கம்பெனியின் டச்சுப் பெயரது முதலெழுத்துகள் 'வி.ஓ.சி.' என்பன. அதே மூன்று எழுத்துகளைத் தம் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளாகக் கொண்ட வ.உ.சிதம்பரனார், 1906இல் அத்துறைமுகத்தில் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். வரலாறு சில வேளைகளில் சிலேடை பாடுகிறது. 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர், வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றனர். ஞாயிறு விடுமுறையும் கூலி உயர்வும் கிட்டின. சில நாள்களில் தலைவர்கள் சிறைப்பட்டனர்.

1918 ஏப்ரல் 27 அன்று சென்னையில் பஞ்சாலைத் தொழிலாளரை முதன்மையாகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று. வாடியா தலைவரானார், தமிழ் உரைநடைக்குப் புத்துயிர் ஊட்டிய திரு.வி.க. துணைத்தலைவரானார். ஒருவர் மெய்யறம் பாடிய புலவர். மற்றவர் தமிழாசிரியராய் விளங்கியவர். நூலாய்ந்தோர் நூல்நூற்போரிடம் சென்றது தமிழகத் தொழிலாளர் வரலாற்றின் தனிச்சிறப்பு.

பின்னர் இழை மீண்டும் இடம்பெயர்ந்தது. 1931இல் லங்காஷயர் சென்ற காந்தியடிகளை, கதரால் தம் வேலை குறைந்ததை அறிந்தும் ஆலைப் பெண்கள் ஆரவாரித்து வரவேற்றனர். அடுத்த அரை நூற்றாண்டில் லங்காஷயரின் ஆலைகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. 1982இல் தொடங்கிய பெருவேலைநிறுத்தத்திற்குப் பின் பம்பாயின் ஆலைப்பகுதியும் சிதைந்தது. சென்னையின் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை 1996இல் மூடப்பட்டது. திருப்பூர், டாக்கா, சீனத்துக் கடற்கரை நகரங்கள் என மூலதனம் மலிந்த கைகளை நாடிச் சென்றது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே ராணா பிளாசா என்னும் எட்டடுக்குக் கட்டடம் சரிந்து 1,134 பேர் மாண்டனர். முதல்நாளே சுவரில் விரிசல் கண்டு வெளியேறியவர்கள் அவர்கள். கூலி போய்விடும் என்ற அச்சத்தால் மறுநாள் உள்ளே திரும்பினர். மாண்டோருள் பெரும்பாலோர் பெண்கள்.

அவர்கள் தைத்த ஆடைகளில் வாங்குவோரின் முத்திரை இருந்தது. தைத்தவரின் பெயர் இல்லை. புறநானூற்றுக் காலத்தில் விளக்கடியில் நூற்றவளுக்கும் பெயரில்லை. ஆயினும் அவளைப் பாட ஒரு புலவன் இருந்தான். ஒரு முழத் துணியின் விலையைச் சந்தை எழுதிக்கொள்கிறது. அதை நூற்றவர், பறித்தவர், நெய்தவர், தைத்தவர் எவரெவர் என்பதை எழுதும் கடமை மற்றொரு நூலுக்கு உரியது. நன்னூலார் புலவனை நூற்கும் பெண்ணாகக் கண்டதன் பொருள், அவளுக்குப் பட்ட கடன் அவனுக்கு உண்டு என்பதாகவும் கொள்ளத்தகும்.